கூலியாள் கோலத்தில் வந்த குருவானவர்

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. கடந்து வந்த காலத்தைத் திரும்பிப் பார்த்து, இறைவன் எமக்குச் செய்த நன்மைகளை எண்ணி மகிழும் ஆண்டு. ஆலயத்துக்கு அத்திவாரக் கல் இட்டவர் யார், கோபுரம் எழுப்பியவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார் என்று பழைய ஏடுகளைப் புரட்டுகிறோம். பெயர் தெரிந்தவர்களை நன்றியோடு நினைவுகூருகிறோம். மலரிலே அவர்கள் பெயர்களைப் பொறிக்கிறோம். இது முறையே. ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சில் எழாமல் இல்லை. இந்த விசுவாசம் எம் கைக்கு வந்து சேருமுன், பெயர் தெரியாத எத்தனை பேருடைய கைகளைக் கடந்து வந்திருக்கிறது!

பெரிய வியாழனன்று ஆண்டுதோறும் ஒரு காட்சியை நாம் காண்கிறோம். குருவானவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழந்தாளிட்டுப் பன்னிருவருடைய பாதங்களைக் கழுவுகிறார். ஆண்டவராகிய இயேசு தமது சீடருக்குச் செய்ததை நினைவூட்டும் சடங்கு அது. அக்காலத்திலே விருந்தினருடைய கால்களைக் கழுவுவது வீட்டில் ஆகக் கடைப்பட்ட வேலைக்காரனுடைய வேலை. அந்த வேலையை ஆண்டவர் தம் கையில் எடுத்துக்கொண்டார். அன்பு செய்யவேண்டிய இடம் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் அங்கே இறங்கிச் செல்வதுதான் தாழ்மை என்பதை அவர் சொல்லாமற் சொன்னார்.

அந்தப் படிப்பினையை எம் நாட்டு மண்ணிலே வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவரே இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார். அவரைப் பற்றி நாம் அறியாதவரல்லர். தை மாதத்தில் அவர் திருநாளைக் கொண்டாடுகிறோம். அவர் சுரூபத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றுகிறோம். என்றாலும் அவருடைய வாழ்க்கையைத் தாழ்மை என்ற ஒரே நூலில் கோத்துப் பார்ப்பது யூபிலி ஆண்டிலே எமக்கு மிகுந்த பயன் தரும்.

பெருமைக்கு இடமிருந்த பிறப்பு

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவா நாட்டில் பெனௌலிம் என்னும் ஊரில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சாங்கோலே. பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவ வேதத்தைத் தழுவிய குடும்பம் அது. ஊரிலே மதிப்பும் வசதியும் உடையது. கோவாவில் இயேசு சபையாருடைய புனித பவுல் கல்லூரியிலும், தொமினிக் சபையாருடைய கல்விக்கூடத்திலும் பயின்று, 1676ஆம் ஆண்டில் அவர் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலக் கோவாவின் நிலையை இங்கே சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். போர்த்துக்கேயருடைய கீழைத்தேயத் தலைநகர் அது. அங்கே குருவானவருக்கு மரியாதை உண்டு. ஐரோப்பியருக்கு முதலிடம் என்ற நிலை இருந்தபோதும், உயர்குலத்துச் சுதேசக் குருவானவருக்கு நல்ல பங்கும் சுகமான வாழ்வும் கிடைப்பது கடினமன்று. இளங்குருவான வாஸ் அந்த வழியை நாடவில்லை. பட்டம் பெற்றதும் பாதரட்சைகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஏழைகளைப் போல வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே, அதாவது 1677 ஆகஸ்ட் 5ஆம் நாள், தம்மைத் தேவதாயாரின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனத்தை எழுதினார். அடிமைகளை விற்பதும் வாங்குவதும் சாதாரணமாக இருந்த ஒரு நாட்டிலே, உயர்குலத்தவர் ஒருவர் தம்மை அடிமை என்று எழுதிக்கொண்டது கேட்டவர் மனதில் எப்படித் தைத்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1681 முதல் 1684 வரை கன்னட நாட்டின் கரையோர மிசனுக்கு அவர் பொறுப்பாக அனுப்பப்பட்டார். அங்கே திருச்சபை அதிகாரிகளுக்கிடையே யாருக்கு எந்த உரிமை என்ற பிணக்கு முற்றியிருந்தது. அவர் ஒரு பக்கம் சேர்ந்து சண்டையை வளர்க்காமல், பொறுமையாக நடந்து, மக்களின் ஞானத் தேவைகளையே முன்வைத்து உழைத்தார். கோவாவுக்குத் திரும்பியபின், 1685இல், பழைய கோவாவில் சுதேசக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த சிறு குழுவிற் சேர்ந்தார். விரைவிலே அவரையே அவர்கள் தலைவராக்கினர். அதுவே புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிய கோவா ஒரட்டோரியன் சபை.

மேய்ப்பன் இல்லாத மந்தை

இவ்வேளையில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை என்ன? 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. போர்த்துக்கேயக் குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். ஆலயங்கள் ஒல்லாந்தருடைய சீர்திருத்தச் சபையின் கோவில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருவானவருக்கு மறைவிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. திருமணமும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் சீர்திருத்தச் சபையின் பதிவேட்டில் ஏறினால்தான் சட்டத்தின் முன் செல்லும். முதுசக் காணி பிள்ளைக்குச் சேரவேண்டுமென்றால் தகப்பன் அங்கே போய்த்தான் ஆகவேண்டும்.

இப்படி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! முப்பது ஆண்டு என்றால் ஒரு தலைமுறை. திவ்விய பலிபூசையைக் கண்ணாற் காணாமலே பிறந்து, வளர்ந்து, மணமுடித்துப் பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள். பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும் இன்றிக் கண்மூடியவர்கள் இருந்தார்கள். ஆயினும் விசுவாசம் முற்றாக அணைந்துவிடவில்லை. வீடுகளில் இரவிலே கதவைச் சாத்திக்கொண்டு தாய்மார் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக் கொடுத்தனர். அவர்களில் எவருடைய பெயரும் எமக்குத் தெரியாது.

இந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியபோது, பலர் இரங்கினர். இரங்கியதோடு நிற்காமல், போகவேண்டும் என்று துடித்தவர் வாஸ் அடிகளார். சபைத் தலைவர் பதவியைத் துறந்து, 1686ஆம் ஆண்டு அவர் புறப்பட்டார். உடன் சென்றவர்களில் ஒருவர் யோவான் என்னும் பணியாளர். கடைசிவரை அடிகளாரைப் பிரியாமல் இலங்கைக்கு வந்து சேர்ந்தவர் அவரே.

செபமாலையும் ஒரு சிரட்டைக் கஞ்சியும்

குருவானவராக இலங்கையில் இறங்க முடியாது. ஆகவே அடிகளார் தமது நீண்ட அங்கியைக் களைந்தார். அரையில் ஒரு துண்டு, வெறும் மேல், வெறுங்கால். கூலியாளைப் போல, பிச்சைக்காரரைப் போலக் கோலம் பூண்டார். திருப்பலிக்கு வேண்டிய பொருட்களை மறைத்து எடுத்துக்கொண்டார். தூத்துக்குடியிலே காத்திருந்து, 1687ஆம் ஆண்டு பாஸ்காக் காலத்தில் தோணியேறினார். தோணி காற்றில் அகப்பட்டு அலைக்கழிந்தது. நாட்கணக்காகப் பசியும் தாகமும் வாட்டின. மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவர் உடல் நலிந்திருந்தது. அதன்மேல் கடும் வயிற்றுளைவும் கண்டது.

கோவாவில் தலைவராக இருந்தவர், யாழ்ப்பாணத்திலே நாதியற்ற நோயாளியாகக் கிடந்தார். அவர் யார் என்று எவருக்கும் தெரியாது. சொல்லவும் முடியாது. சொன்னால் உயிருக்கு ஆபத்து, இடங்கொடுத்தவருக்கும் ஆபத்து. இந்தப் பரதேசிகள் இருவரும் செத்துப் போகட்டும் என்று விடப்பட்ட வேளையில், ஒரு பெண்மணி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர்களைப் பிழைக்க வைத்தது என்று அடிகளாரின் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர்.

அன்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். அந்தப் பெண்மணி ஒரு குருவானவருக்குக் கஞ்சி கொடுக்கவில்லை. இலங்கையின் அப்போஸ்தலருக்கும் கொடுக்கவில்லை. வழியோரத்திற் கிடந்த ஊர்பேர் தெரியாத ஒரு நோயாளிக்குக் கொடுத்தாள். தொற்றுக்கு அஞ்சி மற்றவர் விலகிப்போன இடத்திலே அவள் கிட்டப் போனாள். அவள் கஞ்சி ஊற்றாவிட்டால், அந்நாட்டிற் பின்னர் நடந்த எல்லாம் நடந்திருக்குமா? எத்தனையோ ஆலயங்களின் வரலாறு அந்தச் சிரட்டைக் கஞ்சியிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் அது மிகையாகாது. கிறிஸ்துவின் பெயரால் கொடுக்கப்படும் ஒரு கிண்ணத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்ற ஆண்டவருடைய வாக்கு இங்கே நினைக்கத்தக்கது.

தேறி எழுந்த அடிகளாருக்கு அடுத்த கஷ்டம் தொடங்கிற்று. மறைந்து வாழும் கத்தோலிக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியிலே எல்லாரும் சீர்திருத்தச் சபைக்குப் போகிறவர்கள். மனதில் யார் யார் என்று எப்படித் தெரியும்? அவர் கழுத்திலே ஒரு செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் யார், கண் கலங்கியவர் யார் என்று கவனித்தார். அப்படி அடையாளம் கண்ட வீட்டிலே, பலமுறை போய்ப் பழகி, நம்பிக்கை பிறந்தபின், தாம் ஒரு குருவானவர் என்பதை மெல்ல வெளிப்படுத்தினார்.

அந்த வீட்டார் அடைந்த மகிழ்ச்சியை எண்ணிப் பாருங்கள்! அரிசி போட்ட வாசலிலே, பிச்சைக்காரனாக நின்றவர் குருவானவர்! முப்பது ஆண்டுகளாக எதிர்பார்த்தவர் ஏந்திய கையோடு வந்திருக்கிறார்! உயர்ந்த கோலத்தில் வந்திருந்தால் அவர் ஒரு வாசலையும் தாண்டியிருக்க முடியாது. அவருடைய தாழ்ந்த கோலமே அவரை உள்ளே கொண்டுபோனது.

சில்லாலையும் 1689ஆம் ஆண்டு நத்தாரும்

அதன்பின் இரவிலே பூசை, பகலிலே மறைவு என்று அடிகளார் வாழ்ந்தார். விசுவாசத்தில் உறுதியாக நின்ற சில்லாலைக் கிராமம் அவருக்கு இருப்பிடமாயிற்று. அங்கிருந்து அயற்கிராமங்களுக்கு இரவோடிரவாகப் போய், ஞானஸ்நானம் கொடுத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் திரும்பிவிடுவார். நோயாளருக்கு அவஸ்தை கொடுப்பதற்கு எந்த நேரத்திலும் நடப்பார். தமிழ் மொழியைக் கற்று, மக்களுடைய மொழியிலேயே செபிக்கவும் போதிக்கவும் செய்தார்.

இது நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே ஒல்லாந்த அதிகாரிகள் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் கூடியிருந்த இடங்களைச் சூழ்ந்தார்கள். பலர் கைதானார்கள். அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. முன்னின்று நடத்தியவர்கள் சிலர் கடும் சவுக்கடிக்கும் சிறைக்கும் ஆளாகி உயிரையும் இழந்தார்கள். தங்கள் குருவானவரை அவர்கள் காட்டிக் கொடுக்கவில்லை.

அடிகளார் மக்களுக்காக உயிரைப் பணயம் வைத்தார். மக்கள் அவருக்காக உயிரைக் கொடுத்தார்கள். தன்னலமற்ற அன்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பாய்வதில்லை. ஒருவர் தம்மைத் தாழ்த்தி அன்பு செய்யும்போது, அந்த அன்பு மற்றவரிலும் அதே துணிவை எழுப்பிவிடுகிறது.

கண்டிச் சிறையிலே

தம்மால் மக்களுக்கு மேலும் துன்பம் நேராதிருக்க, 1690இல் அடிகளார் புத்தளத்துக்குச் சென்றார். அது கண்டி மன்னருடைய ஆளுகைக்குட்பட்ட இடம். அங்கு ஏறத்தாழ ஓராண்டு பணிசெய்து, 1692இல் கண்டி மாநகருக்குப் போனார். அரசவையில் செல்வாக்கோடிருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் குற்றஞ்சாட்டினார். அடிகளாரும் உடனிருந்த இரு கத்தோலிக்கரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அவர் முறையிடவில்லை. காவலாளருடன் இனிமையாகப் பழகினார். சும்மா இருக்கும் காலத்தை வீணாக்காமல் சிங்கள மொழியைக் கற்றுக்கொண்டார். காவல் தளர்ந்தபோது, சிறையின் அயலிலேயே ஒரு கொட்டிலைப் போட்டு, தேவதாயாரின் பெயரால் சிற்றாலயமாக்கிப் பூசை செய்தார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அங்கே வந்து சேர்ந்தனர். சிறைக்கூடமே பங்குக் கோவிலாயிற்று! நாட்டில் கொடிய வரட்சி நேர்ந்த வேளை, அடிகளாருடைய செபத்தினால் மழை பொழிந்தது என்றும், அதன்பின் மன்னருடைய மனம் அவர்பால் திரும்பிற்று என்றும் மரபு கூறும்.

மன்னர் கொடுத்த சுதந்திரத்தை அவர் சுகவாழ்வுக்குப் பயன்படுத்தவில்லை. மாறுவேடத்தில் மீண்டும் ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதிக்குட் புகுந்து, கொழும்புக் கத்தோலிக்கரைச் சந்தித்தார். இப்படி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், முழு இலங்கைக்கும் அவர் ஒருவரே குருவானவராக அலைந்தார். அதன்பின்னரே கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் அடிகளாரின் மருமகனான யோசப் கார்வாலோ அடிகளாரும் ஒருவர். அவர்கள் வந்தபோது கொச்சி ஆயர் வாஸ் அடிகளாரை இலங்கைக்குத் தமது பதில்குருவாக நியமித்த செய்தியையும் கொண்டுவந்தனர்.

வைசூரி ஆண்டு

1697ஆம் ஆண்டு கண்டியிலே வைசூரி நோய் பரவியது. அந்நாளிலே அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பும் இல்லை. நோய் கண்டவரை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, காட்டோரத்திலே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பெற்றோரைப் பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றோரும் கைவிட்டு ஓடினார்கள். மன்னரும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். தெருக்கள் வெறிச்சோடின.

எல்லாரும் வெளியே போன நகரத்துக்குள் வாஸ் அடிகளாரும் கார்வாலோ அடிகளாரும் நின்றார்கள். ஒவ்வொரு நாளும் நோயாளரைத் தேடிப் போனார்கள். காட்டிலே விடப்பட்டவர்களுக்கு ஒதுங்க இடம் ஏற்படுத்தினார்கள். புண்களைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், கிடையிலிருந்தவர்களின் அழுக்கை வாரினார்கள், இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே குழி வெட்டி அடக்கினார்கள். நோயாளி கத்தோலிக்கரா, பௌத்தரா, சிங்களவரா, தமிழரா என்று அவர்கள் கேட்கவில்லை. நோயாளி என்பதே போதுமாயிருந்தது.

யாழ்ப்பாணத்து வழியோரத்திலே தாம் கிடந்தபோது, யாரென்று கேளாமல் ஒரு பெண்மணி கஞ்சி கொடுத்தாளே! அந்தக் கஞ்சியையே அடிகளார் பத்து ஆண்டுகளுக்குப் பின் கண்டியிலே ஆயிரமாயிரமாகப் பெருக்கித் திருப்பிக் கொடுத்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். புண்ணைக் கழுவுவதும் பிணத்தைச் சுமப்பதும் உயர்குலத்தார் தீட்டென்று ஒதுக்கிய வேலைகள். அவற்றைச் செய்வோரைத் தாழ்ந்தோர் என்று சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்தது. பிராமண குலத்திலே பிறந்து, குருப்பட்டமும் பெற்றவர் அந்த வேலையையே தம் வேலையாக எடுத்துக்கொண்டார். குலப் பெருமையைக் கண்டித்து அவர் நீண்ட பிரசங்கம் செய்யவேண்டி இருக்கவில்லை. அவர் கையிலிருந்த மண்வெட்டியே பிரசங்கம்.

நோய் தணிந்து நகருக்குத் திரும்பிய மன்னர், இந்தக் குருவானவருடைய அன்பு இல்லையேல் தெருக்கள் பிணக்காடாகியிருக்கும் என்ற கருத்துப்படப் பேசியதாக அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அன்றிலிருந்து கண்டி இராச்சியமெங்கும் தடையின்றிப் பணிசெய்ய அவருக்கு அனுமதி கிடைத்தது. வாதத்தினாலும் வல்லமையினாலும் திறவாத கதவு, நோயாளியின் பாயருகே குனிந்த முதுகுக்குத் திறந்தது.

மேன்மையை மறுத்தவர்

புகழ் பரவினால் பதவியும் பின்னால் வரும் என்பது உலக வழக்கம். பாப்பரசரின் தூதராக 1703இல் புதுச்சேரிக்கு வந்திறங்கிய தூர்னோன் ஆண்டகை, வாஸ் அடிகளாரின் பணியைக் கேள்வியுற்று வியந்தார். அவரை ஆயர் நிலைக்கு உயர்த்தி, இலங்கைத் திருச்சபையை அவர் பொறுப்பில் விட விரும்பினார். அடிகளார் அந்த மேன்மையை ஏற்க மறுத்துவிட்டார். சாதாரணக் குருவானவராக, கால்நடையாகத் திரிந்து மக்களைச் சந்திப்பதையே விரும்பினார்.

பதவியை வேண்டாமென்றவர் பொறுப்பைத் தட்டிக் கழித்தார் என்று எண்ணிவிடக் கூடாது. 1705இல் மேலும் குருக்கள் வந்தபோது, நாட்டை எட்டுப் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றையும் ஒரு குருவானவரிடம் ஒப்படைத்தார். குருவானவர் வரமுடியாத நாட்களில் செபங்களை நடத்தவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கவும், ஊர்கள்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார். எல்லாம் தம் கையாலேயே நடக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தாம் இல்லாதபோதும் வேலை நடக்கும்படி செய்தார். இதுவும் தாழ்மையின் ஒரு முகமே. தம்மைவிடத் திறமையுள்ளவரைக் கண்டு பொறாமைப்படாமல் முன்னே விடுவதும் அவ்வாறே. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் புலமை பெற்று நூல்கள் பல ஆக்கினார். தபசு காலத்தில் எம்மவர் கண்ணீரோடு கேட்டுவந்த வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததே. அந்தப் புலமைக்கு இடங்கொடுத்து வளர்த்தவர் வாஸ் அடிகளார்.

கல்லறை இல்லாத புனிதர்

இருபத்துமூன்று ஆண்டுகள் காட்டிலும் மேட்டிலும் நடந்த கால்கள் ஓய்ந்தன. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில், கண்டியிலே அடிகளார் ஆண்டவரில் நித்திரையடைந்தார். வாழ்நாளில் அசட்டை செய்ததை மரண வேளையில் செய்வது எளிதன்று என்பதே அவர் தம் உடன்குருக்களுக்குக் கடைசியாக விட்டுப்போன புத்தி. அவர் வந்தபோது ஒரு குருவானவரும் இல்லாதிருந்த நாட்டிலே, அவர் இறந்தபோது ஏறத்தாழ 70,000 கத்தோலிக்கரும், 15 ஆலயங்களும், 400 சிற்றாலயங்களும் இருந்ததாகக் கணக்குச் சொல்வர்.

கண்டி ஆலயத்திலே அவரை அடக்கம் செய்தனர். பின்னர் 1740களில் கத்தோலிக்கருக்கு எதிராக எழுந்த துன்பத்தில் அந்த ஆலயம் அழிந்தது. அவருடைய கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. புனிதர்களுடைய கல்லறைகளுக்கு யாத்திரை போவது கத்தோலிக்க மரபு. எம் நாட்டு அப்போஸ்தலருக்கோ யாத்திரை போக ஒரு கல்லறை இல்லை. கூலியாளாக வந்தவர், கூலியாளைப் போலவே மண்ணோடு மண்ணாகிவிட்டார்.

ஆனால் திருச்சபை அவரை மறக்கவில்லை. 1995 ஜனவரி 21ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். இருபது ஆண்டுகளின் பின், 2015 ஜனவரி 14ஆம் நாள், அதே திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். மத வேறுபாடுகளைக் கடந்து எல்லாருக்கும் பணிசெய்தவர் அவர் என்பதைப் பாப்பரசர் தமது பிரசங்கத்திலே சிறப்பாக எடுத்துக் காட்டினார். அன்று மாலையே அவர் மடுத்திருப்பதிக்கும் சென்று, போரினால் துன்புற்ற தமிழ், சிங்கள மக்களோடு தேவதாயின் சந்நிதியில் செபித்தார். பொருத்தமான யாத்திரை அது. இரு மொழியையும் கற்று, இரு இனத்தாரின் புண்ணையும் கழுவியவருடைய புனிதர்ப் பட்ட நாள் அல்லவா!

எமக்குரிய பாடம்

பங்கு மக்களே, இந்த வரலாற்றை வாசித்துவிட்டு நாம் எம்மை நோக்கவேண்டாமா? ஆலயம் ஒன்றில் பிணக்கு ஏற்பட்டால், அது பெரும்பாலும் வேதசத்தியத்தைப் பற்றிய பிணக்காக இருப்பதில்லை. சுற்றுப்பிரகாரத்தில் குடை பிடிப்பது யார், கொடியேற்றும் நாள் யாருக்கு, கல்லிலே முதற்பெயர் யாருடையது, எந்தத் தெருவார் முன்னே நிற்பது என்பவையே நெஞ்சைச் சுடும் காரியங்கள். குலத்தையும் குடும்பத்தையும் சொல்லி மனிதரை மனிதர் தள்ளி நிறுத்திய கதைகள் எம் ஊர்களில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? வாஸ் அடிகளாரின் திருநாளைக் கொண்டாடிக்கொண்டே அவற்றையும் காத்து வைத்திருப்போமானால், அவர் சுரூபத்துக்கு மாலை போட்டு என்ன பயன்?

தாழ்மை என்றால் என்னால் ஒன்றும் இயலாது என்று சொல்லிப் பின்வாங்குவதன்று. வாஸ் அடிகளாரால் இயலாதது என்ன இருந்தது? கல்வி இருந்தது, துணிவு இருந்தது, மக்களை நடத்தும் ஆற்றல் இருந்தது. அவற்றையெல்லாம் தம் பெயருக்காகச் செலவிடாமல், பிறருடைய பசிக்கும் நோய்க்கும் ஆத்தும இரட்சணியத்துக்கும் செலவிட்டாரே, அதுதான் தாழ்மை. அன்பு நடந்துபோகும் வழியைப் பெருமை அடைத்துக்கொண்டு நிற்கும். தாழ்மை அந்த வழியைத் திறந்துவிடும்.

யூபிலிக்கு நாம் பல திட்டங்கள் போடுகிறோம். அவற்றோடு சிறு காரியங்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்வோம். எமது பங்கிலே படுக்கையிற் கிடக்கும் முதியவர் எத்தனை பேர், அவர்களைப் பார்க்கப் போகிறவர் யார் என்று விசாரிப்போம். எமது சவக்காலையிலே பெயர்க்கல் இல்லாத குழிகள் எத்தனை என்று ஒருநாள் நடந்து பார்ப்போம். ஆலயத்தைக் கூட்டுகிறவர், மணி அடிக்கிறவர், குழிவெட்டுகிறவர் ஆகியோருடைய கைகளைப் பிடித்து நன்றி சொல்வோம். நெடுநாள் பேசாத அயலவருடைய படலையைத் திறந்து, முதலிலே நாம் உள்ளே போவோம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை, பெயர்ப்பலகையும் தேவையில்லை. குனிய மனம் இருந்தாற் போதும்.

ஒரு சிரட்டைக் கஞ்சி கொடுத்த அந்தப் பெண்மணியின் பெயர் எந்த யூபிலி மலரிலும் அச்சாகவில்லை. ஆயினும் வாழ்வின் புத்தகத்திலே அது எழுதப்பட்டிருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அவள் பெயருக்குப் பக்கத்திலே எம் பெயர்களும் எழுதப்பட, புனித யோசப் வாஸ் எமக்காக மன்றாடுவாராக!